மெக்காலெஸ்டரும் டஃப்ட்ஸும்: உலகக் குடிமையை நடத்துகிறவர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘உலகக் குடிமை’ என்ற பெயரோடு மையங்கள் பெருகியது பெரும்பாலும் கடந்த முப்பது ஆண்டுகளில்தான். அவற்றின் ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால் எது எந்தக் கல்லூரியுடையது என்று சொல்வது கடினம். எல்லாவற்றிலும் அதே தலைமைப் பண்பு, அதே பன்முகத்தன்மை, அதே பொறுப்புணர்வு. வேற்றுமையைக் காண வேண்டுமானால் அறிக்கையை மூடிவிட்டு அங்கே வேலை பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். தலைமையில் இருப்பவர் பேராசிரியரா, அலுவலரா? ஏதோ ஒரு துறையிலிருந்து பாதி நேரத்துக்கு இரவல் வந்தவரா, இதற்கென்றே அமர்த்தப்பட்டவரா? வெளிநாட்டில் படிக்கப்போன மாணவிக்குக் காய்ச்சல் கண்டால் நள்ளிரவில் யாருடைய தொலைபேசி அடிக்கும்? ஒரு மையத்தின் குணம் இந்த விவரங்களில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் உள்ள மெக்காலெஸ்டர் கல்லூரி. பிரஸ்பிட்டேரியன் சபைத் தொடர்போடு 1874-ல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 2,000 மாணவர்கள். இளங்கலைப் படிப்பு மட்டும். மற்றது பாஸ்டனை ஒட்டி மெட்ஃபர்டு, சாமர்வில் என்ற இரு ஊர்களின் எல்லையில் ஒரு குன்றின்மேல் இருக்கும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். யுனிவர்சலிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1852-ல் தொடங்கியது. 1933 முதல் அரசதந்திரத்துக்கென்றே ஃபிளெட்சர் பள்ளியையும் நடத்திவருகிறது. அளவில் இரண்டும் ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆனால் உலகக் குடிமை என்பதைப் பெயர்ப்பலகைக்கு வெளியேயும் கொண்டுபோக முயன்றவை என்பதால் ஒப்பிடலாம்.

மெக்காலெஸ்டரில் கதை பெயருக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1939 முதல் 1958 வரை அங்கே தலைவராக இருந்த சார்ல்ஸ் டர்க், 1950-ல் வளாகத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியை ஏற்றினார். கொரியப் போர் தொடங்கிய ஆண்டு அது. கம்யூனிஸ்ட் என்று ஒருவரைச் சந்தேகிக்க ஒரு துண்டுப் பிரசுரமே போதுமாயிருந்த அமெரிக்காவில், நாட்டுக்கொடியோடு இன்னொரு கொடி பறப்பது சின்ன விஷயமல்ல. கொடி இன்றும் பறக்கிறது. ஆனால் கொடியை ஏற்றிவைத்தால் மட்டும் மாணவர் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கற்பித்தவர் வேறொருவர்.

அவர் பெயர் ஹாரி மார்கன். பேராசிரியர் அல்ல, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பணிகளைக் கவனித்த அலுவலர். 1960-ஐ ஒட்டி ‘நட்புத் தூதர்கள்’ என்றொரு திட்டத்தை அவர் தொடங்கினார். வெவ்வேறு நாட்டு மாணவர்கள் நாலைந்து பேர் ஒரு காரில் ஏறிக் கோடை விடுமுறையில் அமெரிக்காவைச் சுற்றுவார்கள். வழியில் சாதாரணக் குடும்பங்களோடு தங்குவார்கள். பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு கானாவின் குமாசியிலிருந்து வந்து, 1961-ல் பொருளாதாரப் பட்டம் பெற்றுச் சென்ற கோஃபி அனான் அந்தப் பயணத்தில் போனவர்களில் ஒருவர். 1961-ல் மார்கன் அடுத்ததாக உலகப் பத்திரிகையாளர் நிறுவனத்தைத் தொடங்கினார். பல நாட்டுப் பத்திரிகையாளர்களை வரவழைத்து, அமெரிக்காவை நேரில் பார்க்கவைத்து அனுப்புவது அதன் வேலை. ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழை நிறுவிய டிவிட் வாலஸ் இதே கல்லூரியின் பழைய மாணவர். அவருடைய தந்தை அதன் தலைவராக இருந்தவர். ஆகவே இந்தக் கல்லூரிக்குப் பணத்துக்கும் பத்திரிகைத் தொடர்புக்கும் பஞ்சம் இருக்கவில்லை.

மினசோட்டாவின் குளிரில் கோட்டையும் பூட்ஸையும் ஏற்றுக்கொண்ட இளைஞர் அனான், காதுறை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை என்று போட மறுத்தாராம். காது உறைந்துபோகும் நிலை வந்த பிறகு, கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய காதுறையாக வாங்கினாராம். ஓர் ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரனைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அதில் அவர் கற்ற பாடம். ஐ.நா. பொதுச்செயலாளரான பிறகும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வகுப்பில் எந்தப் பேராசிரியரிடம் என்ன படித்தார் என்பதைவிட இந்தக் கதைதான் பரவியது. கல்லூரிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மார்கன் போன்றவர்கள் செய்ததைப் படிப்பின் மையத்துக்குக் கொண்டுவர மெக்காலெஸ்டருக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1994-ல் அகமது சமதார் அங்கே பன்னாட்டுக் கல்வியின் டீனாக வந்தார். சோமாலியாவில் பிறந்தவர், பிபிசி சோமாலி சேவையில் பணியாற்றியவர், பிறகு அரசியல் அறிவியல் பேராசிரியர். 1991-ல் சோமாலியாவில் அரசு என்ற ஒன்றே சரிந்துவிட்டிருந்தது. அந்தச் சரிவிலிருந்து தப்பியோடிய மக்கள் செயின்ட் பாலை உள்ளடக்கிய மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய சோமாலிச் சமூகம் அங்கேதான் இருக்கிறது. உலகக் குடிமை பற்றிப் பேச வந்தவர், குடியுரிமைக்கு அடிப்படையான அரசையே இழந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதை மறக்காமல் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டும்.

சமதார் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ‘பன்னாட்டு வட்டமேசை’. வெளியிலிருந்து பெரிய அறிஞர் ஒருவர் கட்டுரை படிப்பார். அதற்குக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் மறுமொழிக் கட்டுரை படிப்பார்கள். எல்லாம் ‘மெக்காலெஸ்டர் இன்டர்நேஷனல்’ என்ற ஆய்விதழில் அச்சாகும். உலகப் புகழ் பெற்றவரின் கட்டுரைக்குப் பக்கத்தில் இருபத்தோரு வயது மாணவியின் மறுப்பும் அதே எழுத்தளவில் வரும். இரண்டாவது, பேராசிரியர்களுக்கான வெளிநாட்டுக் கருத்தரங்கு. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, முன்கூட்டியே படித்துத் தயாராகி, ஒரு நாட்டுக்குப் போவார்கள். ஹங்கேரி, பிரேசில், தென்னாப்பிரிக்கா, மலேசியா, துருக்கி, சீனா என்று நாடுகள் மாறின. திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் கட்டுரை எழுத வேண்டும். அதுவும் இதழில் வரும்.

இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான் மெக்காலெஸ்டரின் சிறந்த சாதனையாக நான் கருதுகிறேன். மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பாத அமெரிக்கக் கல்லூரி இன்று அரிது. ஆசிரியர்களை, அதுவும் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆசிரியர்களை, மாணவர்களாக்கி அனுப்பிய கல்லூரிகள் குறைவு. பிரேசிலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் பிரேசிலுக்குப் போவதில் புதுமை இல்லை. உயிரியலோ ஓவியமோ கற்பிப்பவர் அங்கே போய், மொழி தெரியாமல் நின்று, திரும்பி வந்து சக ஆசிரியர்கள் படிக்கும் இதழில் தன் அரைகுறைப் புரிதலைப் பெயரோடு வெளியிடுவதற்குத் துணிச்சல் வேண்டும். வகுப்பறையில் மாணவனிடம் நாம் எதிர்பார்க்கும் துணிச்சல்தான் அது. அப்படிப் போய்வந்தவர் தம் பாடத்தை நடத்தும் விதத்தில் எங்கோ ஒரு மாற்றம் வந்திருக்கும் என்பதே திட்டத்தின் நம்பிக்கை. அதை அளக்க முடியாது. நிதி கொடுப்பவருக்கு அளக்க முடியாத செலவு கண்ணை உறுத்தும் என்பது வேறு.

2003-ல் தலைவராக வந்த பிரையன் ரோசன்பர்க் காலத்தில், 2005-ஐ ஒட்டி, உலகக் குடிமை நிறுவனம் உருவானது. சமதார் அதன் முதல் டீன். பன்னாட்டு நோக்கு, பல்பண்பாடு, சமூகத் தொண்டு என்று கல்லூரி வெகுகாலமாகச் சொல்லிவந்த மூன்றையும் ஒரு கூரைக்குள் கொண்டுவருவது நோக்கம். 2006-ல், பதவியில் இருக்கும் பொதுச்செயலாளராக அனான் வளாகத்துக்கு வந்து உரையாற்றினார். 2009-ல் மார்க்கிம் ஹால் என்ற கட்டடம் எழுந்தது. சூழலுக்கு இசைந்த கட்டடங்களுக்கான ‘லீட்’ தரச்சான்றின் உச்சநிலையைப் பெற்றது. 2018-ல் நிறுவனத்துக்கு அனானின் பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.

கட்டடத்தைவிட அதற்குள் யார் யாரைக் குடிவைத்தார்கள் என்பதே முக்கியம். வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பும் அலுவலகம், நகரத்துச் சமூகப் பணிகளைக் கவனிக்கும் குடிமை ஈடுபாட்டு மையம், பணிப்பயிற்சி இடங்களைத் தேடித் தரும் பிரிவு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. மேலே பேராசிரியரான டீன்; கீழே ஒவ்வொரு பிரிவையும் நடத்தும் அலுவலர்கள். அனுப்புகிற கையும் உள்ளூரில் வேலை கொடுக்கிற கையும் ஒரே நடைக்கூடத்தில் சந்தித்துக்கொண்டன. எத்தியோப்பியாவில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசைப்படும் மாணவனிடம், முதலில் இங்கே பக்கத்துத் தெருவில் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்ப் பார் என்று சொல்ல, அடுத்த அறை அலுவலரைக் கூப்பிட்டாலே போதும். சோமாலிகள் தவிர, லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் மக்களும் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களும் பெருந்தொகையாக வாழும் ஊர் செயின்ட் பால். அங்கே உலகம் விமானத்துக்குக் காத்திருப்பதில்லை.

டஃப்ட்ஸில் எல்லாமே வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே 1964 முதல் ‘பரிசோதனைக் கல்லூரி’ என்று ஒன்று இயங்குகிறது. வழக்கமான துறைகள் ஏற்காத பாடங்களை, வழக்கமான ஆசிரியரல்லாதவர்களைக் கொண்டு நடத்திப் பார்ப்பதற்கான இடம். வழக்கறிஞர், பத்திரிகையாளர், சில சமயம் மேல்வகுப்பு மாணவரே பாடம் நடத்தலாம். எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்யும் குழுவில் ஆசிரியர்களோடு மாணவர்களும் சரிக்குச் சரியாக உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள். பல்கலைக்கழக ஒழுங்குகளில் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று புரியும்.

இந்தக் கதவு வழியாகத்தான் 1985-ல் ஷெர்மன் டைக்மன் வந்தார். ‘எபிக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் ஆண்டுப் பாடத்தை அவர் தொடங்கினார். பொது விவகார ஆய்வும் பன்னாட்டுக் குடிமையும் கற்பிப்பது என்று அதன் முழுப்பெயர் சொல்லும். முறை எளியது, ஆனால் கடுமையானது. ஆண்டுக்கு ஒரே தலைப்பு. முதல் ஆண்டு எடுத்துக்கொண்டது பன்னாட்டுப் பயங்கரவாதம். செப்டம்பர் 11 வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு. பின்னால் அகதிகள், எண்ணெயும் நீரும், உலக நகரங்கள், அணு யுகம் என்று தலைப்புகள் போயின. மாணவர்கள் மலைபோல் படிக்க வேண்டும். வாரந்தோறும் அந்தத் துறையில் கைதேர்ந்த யாரோ ஒருவர் வந்து அவர்களோடு மோதுவார். தாங்களே தலைப்புகள் வகுத்து, பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்து, கடிதம் எழுதி, விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்து, குளிர்காலக் கடைசியில் பல நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றை மாணவர்களே நடத்துவார்கள். அதோடு, களத்துக்குப் போய்ச் சொந்த ஆய்வு செய்ய வழியும் உண்டு.

2009–10 கல்வியாண்டில் தலைப்பு தெற்காசியா. வகுப்பு தொடங்கியபோது ஈழப்போர் முடிந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. மும்பைத் தாக்குதல் நடந்து ஓராண்டு ஆகவில்லை. தெற்காசியா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை அழுகைகள் அடங்க வேண்டும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு பிரதேசத்தைப் படித்துமுடித்து, அதற்கடுத்த ஆண்டு அணுகுண்டுக்குப் போய்விடுவது எந்த வகைப் படிப்பு என்ற கேள்வி எனக்கு உண்டு. டைக்மனுடைய மாணவர்கள் இதற்குச் சொல்லக்கூடிய பதில்: நிபுணர் ஆவது நோக்கமல்ல, நிபுணர்களிடம் பயப்படாமல் கேள்வி கேட்கப் பழகுவதே நோக்கம். பாதி ஏற்கத்தக்க பதில்.

எபிக்கைச் சுற்றி வரிசையாகப் பிறந்தவற்றைச் சேர்த்து உலகத் தலைமைத்துவ நிறுவனம் என்று பெயர் வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உருவகப் பேச்சுவார்த்தை, மத்தியக் கிழக்குக்குப் போய் ஆராயும் மாணவர் குழு, புகைப்படச் செய்தியாளர் பயிற்சி, இராணுவக் கல்விக்கழக மாணவர்களோடு உரையாடும் ‘அல்லீஸ்’ என்று பட்டியல் நீளம். இவற்றில் பலவற்றை மாணவர்களே தொடங்கி மாணவர்களே நடத்தினார்கள். டைக்மன் அவர்களுக்குத் தலைவர் என்பதைவிட, இரவு பகல் பாராமல் அடுத்த ஆளை, அடுத்த புத்தகத்தை, அடுத்த நாட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும் ஆசான் என்பது பொருத்தம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மெக்காலெஸ்டரின் வட்டமேசையில் மாணவர் பதில் சொல்கிறவர், அழைத்தது கல்லூரி. டஃப்ட்ஸின் கருத்தரங்கில் மாணவர்தான் விருந்துகொடுப்பவர். இந்த வகையில் டஃப்ட்ஸ் மாணவர் கற்பது அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அமைச்சராக இருந்த ஒருவர் கடைசி நிமிடத்தில் வரவில்லை என்றால் மேடையில் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கற்கிறார்.

ஆனால் பேராசிரியர்கள் எங்கே? மெக்காலெஸ்டரில் அவர்கள் மையத்துக்குள் இழுக்கப்பட்டார்கள், ஆசைப்பட்டோ அரைமனதாகவோ. டஃப்ட்ஸில் எபிக் வளர்ந்தது துறைகளைச் சுற்றிக்கொண்டு. ஆர்வமுள்ள பேராசிரியர் வந்து பேசிவிட்டுப் போகலாம். அவருடைய சொந்த வகுப்பு மாறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எபிக்கில் சேர்ந்த சில பத்து மாணவர்கள் நெருப்பில் வெந்து வெளியே வந்தார்கள். சேராத ஆயிரக்கணக்கானவர்களின் பாடத்தில் அந்தச் சூடு ஏறியதாகச் சொல்ல முடியாது. மெக்காலெஸ்டரில் சூடு குறைவு, பரப்பு அதிகம்.

டஃப்ட்ஸ் நிர்வாகத்துக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ‘குடிமைக்கும் பொதுச்சேவைக்குமான பல்கலைக்கழகக் கல்லூரி’ என்ற இன்னொன்றை அது தொடங்கியது. டஃப்ட்ஸில் படித்தபோது சந்தித்துக்கொண்ட பியர் ஓமிட்யார், பாம் ஓமிட்யார் தம்பதி (பியர் ஈபே நிறுவனர்) கொடுத்த 1 கோடி டாலர் அதற்கு முதல். 2006-ல் தொழிலதிபர் ஜானதன் டிஷ் 4 கோடி டாலர் கொடுக்க, அது டிஷ் கல்லூரி ஆனது. தனக்கென்று மாணவர்களைச் சேர்க்காமல், பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம் உட்பட எல்லாப் பள்ளிகளுக்குள்ளும் குடிமையைப் புகுத்துவது அதன் உத்தி. அதற்காகப் பேராசிரியர்களுக்கே நல்கை கொடுத்து அவர்களுடைய பாடத்தைத் திருத்தி எழுதச் சொன்னது. மெட்ஃபர்டு, சாமர்வில், பாஸ்டனின் சைனாடவுன் ஆகிய அண்டைப் பகுதிகளோடு நீண்டகால உறவு வைக்கத் தனி அலுவலர்களை அமர்த்தியது. 2005-ல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையடியில் டஃப்ட்ஸுக்குச் சொந்தமான தல்வார் மடாலயத்தில், 23 நாடுகளிலிருந்து 29 பல்கலைக்கழகத் தலைவர்களைக் கூட்டி ஒரு வலையமைப்பையும் தொடங்கியது. டைக்மன் ஒருபுறம் மாணவர்களை மூட்டிக்கொண்டிருக்க, மறுபுறம் டஃப்ட்ஸ் மெக்காலெஸ்டரைப் போன்ற ஒன்றைப் பெரும் பணத்தோடு கட்டிக்கொண்டிருந்தது. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்ததால் டஃப்ட்ஸ் தப்பித்தது. சின்னக் கல்லூரிகளுக்கு இந்த வசதி கிடையாது.

இதுவரை பெயர் சொன்னவர்களெல்லாம் மேடையேறியவர்கள். அலுவலர்கள் செய்வது என்ன? அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவருடைய விசா நிலையை 2003 முதல் ‘செவிஸ்’ என்ற மத்திய அரசுக் கணினிப் பதிவு கண்காணிக்கிறது. அதில் கையெழுத்திடும் அதிகாரம் கல்லூரியில் அதற்கென நியமிக்கப்பட்ட சிலருக்குத்தான் உண்டு. அவர்கள் வழக்கமாக அலுவலர்கள். இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ‘இந்தப் பாடம் உனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடு’ என்று பேராசிரியர் பரிவோடு சொல்வார். மாணவி விட்டுவிட்டால் 12-க்குக் கீழே போய் விசா நிலையே போய்விடும் என்று தெரிந்தவர் அலுவலர். 2017 ஜனவரியில் ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர ஒரே இரவில் தடை வந்தது. அந்தப் பட்டியலில் சோமாலியாவும் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது உலகெங்கும் சிதறியிருந்த மாணவர்களை நாடு திரும்பவைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு சமயங்களிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் தூங்காமல் இருந்தவர்கள் கருத்தரங்கில் கட்டுரை படித்தவர்கள் அல்ல.

இருந்தும் படிநிலை அசையவில்லை. அமெரிக்கப் பேராசிரியருக்கு நிரந்தரப் பணியுரிமை என்பது உயிர்நாடி. ஏழாண்டுக்குள் அதைப் பெற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்ற வழக்கம் 1940-ல் பேராசிரியர் சங்கம் வகுத்த நெறியிலிருந்து வருகிறது. ஆய்வு, கற்பித்தல், பணி என்று மூன்றை எடைபோடுவார்கள். மூன்றாவதன் எடை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆய்வு என்பதன் வரையறையை அகலப்படுத்த வேண்டும் என்று கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-ல் வாதிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், பணியுரிமைக் குழுக்களைத் தவிர. ஆகவே இளம் பேராசிரியர் உலகக் குடிமை மையத்துக்கு நேரம் கொடுப்பது தன் எதிர்காலத்தைக் கொடுப்பது. வயதானவர் கொடுக்கலாம், பலர் அதற்குள் வேறு பழக்கங்களுக்குப் போய்விட்டிருப்பார்கள். அலுவலருக்கு அந்தப் பயமில்லை, ஆனால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அடுத்த தலைவர் வந்து நிர்வாகத்தைச் சீரமைக்கிறேன் என்றால் முதலில் பெயர் மாறுவது அவருடைய நாற்காலிக்குத்தான்.

அலுவலரைப் புகழ்ந்துகொண்டே போவதும் நேர்மையல்ல. 1968-ல் மெக்சிகோவின் குவேர்னவாக்காவில், தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் சிந்தனையாளர் இவான் இலிச் பேசினார். உங்கள் நல்லெண்ணம் இந்த மக்களுக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். இந்த அடி சரியாக விழுவது, படிப்பின் துணையில்லாமல் அலுவலகம் மட்டும் நடத்தும் தொண்டுப் பயணங்களின்மேல். ஹோண்டுராஸில் ஒரு வாரம் சுவருக்கு வண்ணமடித்துத் திரும்பும் மாணவனுக்கு, அந்த நாடு ஏன் ஏழையாக இருக்கிறது, அதில் தன் நாட்டுப் பழக் கம்பெனிகளின் பங்கு என்ன என்று யாராவது வரலாறு சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாத மையம் பயண முகமைதான். மார்கனின் காரில்கூட ஒரு பொருளாதார ஆசிரியர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தக் காரில் மாணவர்கள் உதவி செய்யப் போகவில்லை, பார்க்கப் போனார்கள். அதனால் மார்கன் இலிச்சின் சவுக்குக்கு அகப்பட மாட்டார்.

இலிச்சின் கேள்விக்கு டஃப்ட்ஸ் வைத்திருந்த பதில் படிப்பு: ஆழ்ந்து படித்த பிறகே களம். மெக்காலெஸ்டரின் பதில் அண்டை வீடு: முதலில் உன் நகரம். எனக்கு இரண்டாவது பதில்தான் நம்பத்தக்கதாகப் படுகிறது. பக்கத்துத் தெருவில் செய்த தவறு அடுத்த வாரமே உன்னிடம் கணக்குக் கேட்கும்; அந்தத் தெருவோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் உறவு வைத்திருக்கும் அலுவலர் உன்னை அங்கே திரும்ப அழைத்துப்போவார். மாணவன் நான்காண்டில் போய்விடுவான், பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போய்விடுவார். பள்ளித் தலைமையாசிரியையும் மசூதி நிர்வாகியும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த அலுவலரைத்தான்.

இரண்டு நிறுவனங்களும் தங்கள் ஆசானை இழந்த விதமும் ஒப்பிடத்தக்கது. 2012-ல் சமதார் சோமாலியாவின் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடப் போனார். ஏறத்தாழ இருபதாண்டு உலகக் குடிமை பேசியவர், கடைசியில் ஒரு நாட்டைக் கட்ட முடியுமா என்று பார்க்கக் கிளம்பினார். தோற்றார்; செப்டம்பரில் மொகதிஷுவில் கூடிய நாடாளுமன்றம் ஹசன் ஷேக் முகமதுவைத் தேர்ந்தெடுத்தது. சமதாருக்குப் பின்னும் மெக்காலெஸ்டரில் அலுவலகங்கள் வழக்கம்போல் திறந்தன, மாணவர்கள் வெளிநாடு போனார்கள், நகரத்துப் பள்ளிகளுக்குப் பேருந்து ஏறினார்கள். மங்கியது அவருடைய அறிவுத் தனித்தன்மை. ஆசிரியர்களையே மாணவர்களாக்கி அனுப்பும் அந்தப் பிடிவாதத்துக்கு அலுவலகக் கோப்பில் இடம் கிடைப்பது அரிது. டஃப்ட்ஸில் டைக்மன் 2016-ல் ஓய்வு பெற்றபோது நிலைமை எதிர்மாறு. எபிக்கின் முப்பதாண்டுப் பழைய மாணவர்கள் உலகெங்கும் இருந்தார்கள், முறை இருந்தது, பெயர் இருந்தது. ஆனால் அந்த முறையின் எரிபொருள் ஒரு மனிதர்.

அவருக்குப் பிறகு டஃப்ட்ஸ் அழைத்துவந்தது அபியோடுன் வில்லியம்ஸை. சியரா லியோனில் பிறந்து, டஃப்ட்ஸின் ஃபிளெட்சர் பள்ளியிலேயே முனைவர் பட்டம் பெற்று, ஐ.நா. தலைமையகத்தில் கோஃபி அனானிடமும் பான் கி-மூனிடமும் திட்டமிடல் இயக்குநராக இருந்தவர். மெக்காலெஸ்டரிலும் சமதாருக்குப் பின் டீன் பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யூஎஸ்எய்டில் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் பணியாற்றியவர். இரு இடங்களும் கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: வகுப்பும் எடுக்க வேண்டும், கோப்பும் பார்த்திருக்க வேண்டும். டஃப்ட்ஸ் வில்லியம்ஸுக்குக் கொடுத்த பதவிப்பெயர் ‘நடைமுறைப் பேராசிரியர்’. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தப் பதவிக்கு நிரந்தரப் பணியுரிமை கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.